டியூப் நழுவாமல் இருக்க எந்த பிளாஸ்டர் நல்லது?

மே 4, காலை. வாசகர் கேள்வி, வீரவநல்லூரிலிருந்து

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து, இப்போது வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மூக்கில் சாப்பாட்டு டியூப், கீழே யூரின் டியூப். ஒட்டிவிட்ட பிளாஸ்டர் மத்தியானம் ஆனால் வேர்வையில் கழன்று தொங்குகிறது. யூரின் டியூப் இழுபட்டு லேசாக ரத்தமும் வந்தது. மெடிக்கலில் கேட்டால் கடைக்கு ஒன்று சொல்கிறார்கள். இருப்பதிலேயே நன்றாக ஒட்டுகிற பிளாஸ்டர் எது? பூட்டு வைத்த மாதிரி ஒரு ஸ்டிக்கர் ஆன்லைனில் பார்த்தேன், விலை கூடுதல். வாங்கலாமா சிஸ்டர்?

மே 4, இரவு

தம்பி, பிளாஸ்டர் பேர் அப்புறம். முதலில் யூரோபேக், அதாவது மூத்திரப் பை, கட்டிலில் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பாருங்கள்.

நர்ஸாக வார்டில் இருந்த காலத்தில் "டியூப் இழுபட்டு ரத்தம் வருது" என்று கூப்பிட்டால் நான் பிளாஸ்டரைப் பார்க்க மாட்டேன், பையைத்தான் பார்ப்பேன். அப்பாவை வலப்பக்கம் புரட்டியிருப்பார்கள், பை இடப்பக்கச் சட்டத்திலேயே தொங்கும். அது இரண்டு லிட்டர் பை, நிறைந்தால் இரண்டு கிலோ. அந்தக் கனம் முழுக்க டியூப் வழியாகப் போய் உள்ளே இருக்கிற பலூனில் விழும்.

ஃபோலீஸ் டியூப் என்கிற இந்த யூரின் டியூப்பின் நுனியில் ஒரு சின்ன பலூன் உண்டு. பத்து மில்லி போலத் தண்ணீர் ஏற்றி வைப்பார்கள். டியூப் வெளியே வராமல் பிடிப்பது அந்தப் பலூன். வெளியே ஒட்டுகிற பிளாஸ்டருக்கு வேறு வேலை: இழுப்பு பலூன் வரைக்கும் போகாமல் தொடையிலேயே நிற்க வேண்டும். அதனால் ஒட்டிய இடத்துக்கும் உடம்புக்கும் நடுவில் கொஞ்சம் தொய்வு விடுங்கள். ஒட்டி முடித்ததும் அப்பாவின் காலை மடக்கி நீட்டிப் பாருங்கள். டியூப் விறைத்தால் தொய்வு போதவில்லை.

ஆண்களுக்குத் தொடையின் மேல்பக்கம் ஒட்டலாம், அல்லது குறியை மேல்நோக்கித் திருப்பி அடிவயிற்றில் ஒட்டலாம். நாள்பட்டுப் படுத்திருப்பவருக்கு நான் அடிவயிறுதான் சொல்வேன். கீழ்நோக்கி வளைந்தே கிடந்தால் அந்த வளைவில் உள்ளே அழுந்திப் புண்ணாகும். பெண்களுக்கு உள்தொடை. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 2009-ல் வெளியிட்ட வழிமுறையிலும் டியூப் அசையாமல், இழுபடாமல் பொருத்த வேண்டும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறது.

மறுபடியும் ரத்தம் வந்தாலோ, பையில் ஒன்றுமே இறங்காமல் அடிவயிறு உப்பினாலோ, நீங்களாக டியூப்பை உள்ளே தள்ளவும் வேண்டாம், வெளியே இழுக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மே 5

ஒட்டுகிற விதத்தைக் கேட்டு நாலைந்து பேர் எழுதிவிட்டார்கள். எழுத்தில் சொல்வது கஷ்டம், முயற்சி செய்கிறேன்.

இடத்தை சோப்புத் தண்ணீரில் துடைத்து, உலர்த்துங்கள். உலர்த்துவது என்றால் துண்டால் ஒற்றி, விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் அப்படியே விடுவது. முடி இருந்தால் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள். சவரம் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறலில் பிளாஸ்டரின் பசை உட்கார்ந்தால் எரியும்.

முதலில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு பிளாஸ்டரை வெறும் தோலில் ஒட்டுங்கள். இழுத்து ஒட்டக் கூடாது, சும்மா வைத்துத் தடவ வேண்டும். இது அடித்துண்டு. டியூப்பை இதன் மேல் வைத்து, இரண்டாவது துண்டை டியூப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, டியூப்புக்குக் கீழே அதன் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டும்படி கிள்ளிவிட்டு, மிச்ச இரண்டு சிறகையும் அடித்துண்டின் மேல் ஒட்டுங்கள். இப்போது டியூப் தோலில் அழுந்தாமல் ஒரு நூல் உயரத்தில் நிற்கும். நனைந்தாலும் அழுக்கானாலும் மேல்துண்டை மட்டும் மாற்றினால் போதும், தோலைத் தினமும் உரிக்க வேண்டியதில்லை.

யூரின் டியூப் ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று பைக்குப் போவது, இன்னொன்று பலூனுக்குத் தண்ணீர் ஏற்றுகிற வால். அந்த வால் மேல் எதையும் ஒட்டாதீர்கள். டியூப் மாற்ற வருகிறவர் அதில்தான் சிரிஞ்ச் போட வேண்டும். கத்தரியால் பிளாஸ்டரை வெட்டுகிறேன் என்று வாலை வெட்டிய ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

மே 5, இரவு

"துடைத்து உலர்த்தித்தான் ஒட்டினோம், அப்பவும் நிக்கல" என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு மயினி. விசாரித்தால் உலர்த்தின பிறகு பவுடர் போட்டிருக்கிறார்கள். மணக்கட்டுமே என்று. பவுடர் மேல் ஒட்டினால் பிளாஸ்டர் பவுடரைத்தான் பிடிக்கும், தோலைப் பிடிக்காது.

மே 7

இன்னொன்று, நம்ம பக்கத்து வழக்கம். பெரியவர் இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கும். வீட்டார் டியூப்பை அதில் ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பார்க்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் படுத்த ஆளைப் புரட்டும்போது கயிறு இடுப்பைச் சுற்றி நகரும், டியூப்பும் கூடவே போகும். கயிற்றை அறுக்க மனசு வராது என்பது தெரியும். இருக்கட்டும், டியூப்பை மட்டும் அதிலிருந்து எடுங்கள்.

மே 9

மூக்கு டியூப். இது நிஜமாகவே தொல்லை பிடித்த இடம். மூக்கில் எண்ணெய்ப் பசை, வேர்வை, சளி எல்லாம் உண்டு. பேப்பர் பிளாஸ்டர் கத்திரி வெயிலில் அரை நாள் நிற்காது. துணி பிளாஸ்டர் நிற்கும், ஆனால் எடுக்கும்போது தோலோடு வரும். நான் மூக்குக்கு இழுபடுகிற டைனாபிளாஸ்ட் வகையைத்தான் எடுப்பேன். அதிலும் இழுக்காமல் ஒட்ட வேண்டும்.

விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பாதி வரைக்கும் நெடுக்காகக் கிழியுங்கள். கிழிக்காத பாதி மூக்குத் தண்டின் மேல். கிழித்த இரண்டு வாலையும் டியூப்பைச் சுற்றி, ஒன்றை இப்படி, ஒன்றை அப்படி, மூக்கு நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சுற்றுங்கள். டியூப் துவாரத்தின் நடுவில் நேராக இறங்க வேண்டும். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று நெற்றிப் பக்கம் வளைத்து ஒட்டினால் மூக்கு மடல் ஓரத்தில் டியூப் அழுந்தும். இரண்டு நாளில் சிவக்கும், அப்புறம் கறுக்கும். அந்தக் கறுப்பு தோல் செத்துப்போன கறுப்பு, அழுக்கென்று தேய்க்காதீர்கள். தினமும் டார்ச் அடித்து மூக்கு ஓரத்தைப் பாருங்கள்.

அடுத்த பிடி கன்னத்தில். அங்கிருந்து டியூப்பைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், சட்டைத் தோளில் ஒரு ஊக்கு. ஊக்கு டியூப்பில் குத்தக் கூடாது. டியூப்பைச் சுற்றி பிளாஸ்டரில் ஒரு வால் விட்டு, அந்த வாலில் குத்த வேண்டும்.

இதோடு இன்னொரு காரியம். மூக்குத் துவாரத்தில் டியூப் நுழைகிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் கஞ்சி ஊற்றுமுன் கோட்டைப் பாருங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தால் ஊற்றக் கூடாது. பிளாஸ்டர் கழன்றால் எனக்கு வருகிற பயம் இதுதான். டியூப் முழுசாக வெளியே வந்துவிட்டால் தெரிந்துவிடும். பாதி வந்து நின்று, நுனி உணவுக்குழாயில் இருக்கும்போது ஊற்றினால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும்.

மே 9, பின்னிரவு

"காற்று ஊதி, வயிற்றில் ஸ்டெத் வைத்துச் சத்தம் கேட்டால் போதாதா" என்று ஒருவர். போதாது. டியூப் தப்பான இடத்தில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். பிரிட்டனில் 2005-லேயே அந்த முறை வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டார்கள். சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து அமிலத்தை அளக்கிற பிஹெச் காகிதத்தில் வைத்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். அமிலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சந்தேகம் என்றால் எக்ஸ்ரே. நம்ம ஊரில் இன்னும் ஸ்டெத்தை நம்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், எனக்கும் முதலில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்த மூக்கு டியூப்பை நாம் ரைல்ஸ் டியூப் என்பது ரைல் என்ற ஆங்கிலேய டாக்டர் பேரில் வந்தது. 1921-ல் அவர் அதைப் பற்றி எழுதினார்.

மே 10

கையால் பிடுங்குகிறவர்களுக்கு என்ன செய்வது? இதற்கு எந்த பிளாஸ்டரும் பதில் இல்லை. ஸ்ட்ரோக்கில் குழம்பிப்போன மனுஷன், மூக்கில் ஏதோ தொங்குகிறது, எடுக்கத்தான் செய்வான். வார்டில் கையை கட்டிலோடு கட்டிவைப்பது வழக்கமாக இருந்தது. எனக்குப் பிடிக்காது. கட்டின கையோடு இன்னும் மிரளுவார்கள். கைக்கு ஒரு சாக்ஸ் மாட்டலாம். கையில் ஒரு துண்டைச் சுருட்டிக் கொடுத்தால் சிலர் அதைப் பிசைந்துகொண்டே இருப்பார்கள். கண்ணுக்கு முன்னால் டியூப் ஆடாமல் காதுக்குப் பின்னால் போக்கியிருந்தால் பாதிப் பேர் மறந்தே போவார்கள்.

வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறது. இரண்டு துவாரத்திலும் காந்தம் வைத்த இரண்டு குச்சியை விடுவார்கள். உள்ளே நடு எலும்புக்குப் பின்னால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இழுத்தால் ஒரு நாடா எலும்பைச் சுற்றி வந்துவிடும். அந்த நாடாவில் டியூப்பைக் கிளிப் போட்டு நிறுத்துவார்கள். படத்தைக் காட்டினதும் எங்க வீட்டுப் பெரியவர் சொன்னார், "ஏ, இது நம்ம மூக்கணாங்கயிறுல்லா!" காளைக்குப் போட்ட அதே கணக்குதான். டாக்டர் போட வேண்டியது, வீட்டில் முயல வேண்டாம்.

மே 18

பூட்டு ஸ்டிக்கருக்கு வருகிறேன். கேட்ட தம்பி மூன்று முறை ஞாபகப்படுத்திவிட்டார்.

ஸ்டேட்லாக் என்ற பேரில் பிரபலமானது, இப்போது அதே மாதிரி வேறு பேரிலும் வருகிறது. ஒட்டுகிற பஞ்சு அட்டை ஒன்று, அதன் மேல் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன மூடி. டியூப் இரண்டாகப் பிரிகிற இடத்தை அதில் வைத்து மூடினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். காலை அசைத்தாலும் பூட்டு சுழன்று கொடுக்கும். ஏழு நாளைக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

நல்ல சாமான்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்பெல்லாம் "காசுக்குப் பிடித்த கேடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது அப்படிச் சொல்வதில்லை. உட்கார வைத்து, நடக்க வைத்து, பிசியோதெரபி செய்கிற நோயாளிக்கு அது வீண் செலவே இல்லை. ஆனால் அசையாமல் படுத்திருக்கிற, இடுப்பு முழுக்க வேர்வை ஊறுகிற ஆளுக்கு, இந்த மே மாதத்தில், அது ஏழு நாள் நிற்பதில்லை. நான் பார்த்த வீடுகளில் ஓரம் சுருண்டு முன்னாலேயே எழும்பிவிட்டது. அந்த விலைக்கு எத்தனை ரோல் பிளாஸ்டர் வரும் என்று உங்களுக்கே தெரியும். தம்பி, உங்கள் அப்பா உட்காரத் தொடங்கட்டும், அப்புறம் வாங்கலாம்.

வாங்கினவர்களுக்கு ஒன்று. பிய்த்து எடுக்காதீர்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஓரத்தில் விட்டு, பசை இளகின பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். பேட்டையில் ஒரு வீட்டில் சின்னப் பையன் ஒருவன் சரட்டென்று இழுத்ததில் தாத்தா தொடைத்தோல் ரூபாய் அகலத்துக்கு வந்துவிட்டது. பெட்டியில் எழுதித்தான் இருந்தது. எழுதியிருந்தது இங்கிலீஷில்.

மே 19

வெல்க்ரோ வைத்த தொடைப்பட்டையும் கடையில் இருக்கிறது. ஒட்டு கிடையாது, தோலுக்கு நல்லது. கால் வீக்கம் இருப்பவர்களுக்கும், ரத்த ஓட்டம் குறைந்த சர்க்கரைக்காரர்களுக்கும் வேண்டாம். வீங்கின காலில் காலையில் சரியாக இருந்த பட்டை சாயங்காலம் இறுக்கும். இரண்டு விரல் உள்ளே போகிற அளவு தளர்வு வேண்டும், அந்த அளவுக்குத் தளர்த்தினால் மெலிந்த தொடையில் முட்டி வரைக்கும் வழுக்கும். ரெண்டுங்கெட்டான்.

பத்தமடையில் ஒரு மருமகப் பெண் பழைய வேட்டியை நாலு மடிப்பாக மடித்துத் தைத்து, பை தைக்கிற கடையில் வெல்க்ரோ வாங்கி, அவளாகவே ஒன்று செய்துவிட்டாள். நடுவில் டியூப் நுழைய ஒரு சின்ன நாடா. மூன்று பட்டை, தினமும் ஒன்று துவைக்க. கடைப்பட்டை மாதிரி உள்பக்கம் ரப்பர் இல்லாததால் வேர்க்குரு வரவில்லை. நான் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறேன்.

ஜூன் 12

சாரல் காற்று வந்துவிட்டது. பிளாஸ்டர் கேள்விகளும் குறைந்துவிட்டன பாருங்கள். இப்போது வருவதெல்லாம் தோல் கேள்வி. மே முழுக்க தினமும் ஒட்டி உரித்த தோல் இப்போது எரிகிறது.

ஒட்டுப் பொருளால் வருகிற தோல் காயத்துக்கு 2013-ல் தனியாகப் பேர் வைத்து வகை பிரித்தார்கள். தோலின் மேல்படலம் உரிவது ஒரு வகை. இழுத்து ஒட்டியதால் பிளாஸ்டர் ஓரத்தில் கொப்புளம் வருவது இன்னொன்று. பசை ஒவ்வாமல் அரித்துச் சிவப்பது, அடியில் வேர்வை தேங்கி வெளுத்து ஊறுவது, முடிக்கால்களில் சீழ் கட்டுவது என்று மிச்சம். இழுக்காதீர்கள், இழுக்காதீர்கள் என்று நான் மே மாதம் முழுக்கப் புலம்பியது அந்தக் கொப்புளத்துக்காக. நீட்டி ஒட்டின பிளாஸ்டர் மறுபடி சுருங்கப் பார்க்கும், தோலையும் கூடவே இழுக்கும். வயசானவர்களுக்கு மேல்தோலும் உள்தோலும் ஒட்டியிருக்கிற பிடி தளர்ந்துபோய் இருக்கும், சட்டென்று பிரிந்துவிடும்.

எடுப்பது எப்படி: ஒரு மூலையைக் கிளப்பி, பிளாஸ்டரை மேலே தூக்காமல் தோலோடு ஒட்டினாற்போல் பின்பக்கம் மடித்துப் பைய இழுங்கள். இன்னொரு கை விரலால் பிரிகிற இடத்துக்குப் பக்கத்துத் தோலை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பசையை விடுவிக்கிற சிலிகான் திரவம் கடையில் உண்டு. இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய். துணி பிளாஸ்டரின் பசைக்கு எண்ணெய் நன்றாகவே கேட்கும், ஓரத்தில் தடவிக் கொஞ்ச நேரம் ஊற விட்டால் போதும். அடுத்தது ஒட்டுமுன் சோப்புப் போட்டு எண்ணெயைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி அம்பாசமுத்திரத்து மயினி கதை.

தோல் ஏற்கனவே நைந்திருந்தால், மே 5-ல் சொன்ன அடித்துண்டுக்குப் பதிலாக டெகாடெர்ம் மாதிரி கண்ணாடித் தாள் ஒட்டை வைத்து, அதன் மேல் பிளாஸ்டர் போடலாம். தாள் நாலைந்து நாள் இருக்கட்டும், மேலே உள்ளதை மட்டும் மாற்றுங்கள். புண்ணாகி ஒழுகுகிற இடத்தின் மேல் இதுவும் கூடாது, டியூப்பை அடுத்த தொடைக்கு மாற்றுங்கள்.

ஜூன் 13

பசைக்கறை போக மண்ணெண்ணெய் போடலாமா என்று கேட்டவருக்கு: அண்ணாச்சி, சைக்கிள் செயினுக்குப் போடுங்க.

ஜூன் 30

டயாலிசிஸ் செய்கிறவர்கள் எழுதியிருக்கிறார்கள், கழுத்து லைனைப் பற்றி, அதாவது கழுத்து ரத்தக் குழாயில் போட்டிருக்கிற டியூப்பைப் பற்றி. அது நான் அதிகம் கையாண்ட விஷயம் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

தற்காலிக லைனைப் பட்டு நூலால் தோலோடு தைத்திருப்பார்கள். தையல் போட்டாச்சே, இனி கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். அந்தத் தையல் துளைகளே கிருமி தங்குகிற இடம், அதனால்தான் தையல் இல்லாமல் பிடிக்கிற சாமான்கள் வந்தன. பிக் லைன் என்று கை ரத்தக் குழாய் வழியாகப் போடுகிற நீண்ட டியூப்புக்குத் தோலுக்கு அடியில் கொக்கி விரிந்து பிடிக்கிற ஒன்று இருக்கிறது, பிரிட்டனில் சிகிச்சை வழிமுறைகளை வகுக்கிற நைஸ் அமைப்பு 2017-ல் அதைப் பரிந்துரைத்தது. பெர்ம்கேத் என்கிற நீண்டகால லைனில், தோலுக்குள் இருக்கிற பகுதியில் ஒரு நார் வளையம் இருக்கும். சில வாரத்தில் சதை வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும், அதுவரைக்கும்தான் தையல்.

நான் கண்ணால் பார்த்த எதிரி வேறு: தோளில் கிடக்கிற துண்டு. நம்ம ஆட்கள் டயாலிசிஸ் முடிந்து பஸ் ஏறி தென்காசி, கடையநல்லூர் என்று போகிறார்கள். இறங்கும்போது துண்டை ஒரு வீசு வீசித் தோளில் போடுவார்கள். நுனி லைனில் மாட்டும். லைன் இருக்கிற வரைக்கும் துண்டை மடியில் வையுங்கள், இல்லை தலையில் கட்டுங்கள். பனியன் கழற்றுகிற போதும் இதே ஆபத்து, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைதான் தோது. லைன் வெளியே வந்தேவிட்டால் அந்த ஆளை உடனே படுக்க வைத்து, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி 108-ஐக் கூப்பிடுங்கள். உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, காற்று ரத்தக் குழாய்க்குள் போகும்.

ஜூலை 2

16-ஆம் நம்பர் டியூப் என்றால் 16 மில்லிமீட்டர் என்று ஒருவர் எழுதிப் பலரைப் பயமுறுத்தியிருக்கிறார். மூன்றால் வகுங்கள். ஐந்து மில்லிமீட்டர் சொச்சம்.

ஜூலை 3

வீட்டுக்கு வந்து டியூப் மாற்றித் தருகிறவர்கள் யார் என்று கேட்டு நிறையப் பேர். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டிலேயே வலிநிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் அதில் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பேரைப் பதியுங்கள். வருகிற சிஸ்டரிடம் ஒட்டுகிற விதத்தை ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். நான் எழுதியதை விட அது மேல்.

ஜூலை 21

சங்கரன்கோவிலில் இருந்து ஒரு அக்கா. மாமியாருக்கு மூக்கு டியூப்பை எடுத்துவிட்டு வயிற்றிலேயே பெக் டியூப் வைத்துவிட்டார்களாம். "நீங்க சொன்ன மாதிரியே அடித்துண்டு போட்டு, வெளி வட்டை நல்லா இறுக்கி ஒட்டிட்டேன்."

அக்கா, அந்த ஒட்டை இன்றைக்கே எடுங்கள், டியூப்பை அல்ல. பெக்குக்குக் கணக்கு வேறு. அதற்கு உள்ளே ஒரு தடுப்பு, வெளியே ஒரு வட்டு, இரண்டும்தான் பிடி. வெளி வட்டுக்கும் தோலுக்கும் நடுவில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இறுக்கினால் உள்தடுப்பு வயிற்றுச் சுவருக்குள்ளேயே புதைந்துபோகும், அப்புறம் அதை எடுக்க தனிப் பாடு. புண் ஆறின பிறகு டியூப்பைத் தினமும் ஒரு சுற்றுச் சுழற்றிவிட வேண்டும், எப்போதிலிருந்து என்று வைத்த டாக்டரிடம் கேளுங்கள். பிளாஸ்டர் வேண்டுமானால் டியூப்பின் நீண்ட வாலுக்கு மட்டும், வட்டிலிருந்து நாலு விரல் தள்ளி, தொய்வு விட்டு.

தப்பித் தவறி பெக் டியூப் வெளியே வந்துவிட்டால், காலையில் போகலாம் என்று வைக்காதீர்கள். ஓட்டை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பிக்கும். அந்த டியூப்பையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், அளவு பார்க்க உதவும்.